கூலிக்காரர் வரலாறு எழுதிய தர்மா குமார்

வரலாறு என்றாலே ராஜா, போர், வருஷம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். காட்டு வேலைக்குப் போனவர்களின் வரலாற்றையும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெயர் தர்மா குமார் (1928-2001). இவருடைய அப்பா வெங்கட்ராமன், செயற்கைச் சாயங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய வேதியியல் அறிஞர். (சாயப்பட்டறை வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க!)

தர்மா கேம்பிரிட்ஜில் படித்தார். ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்தார். அப்புறம் டெல்லியில் பேராசிரியர் ஆனார். 1965ல் 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்' என்ற புத்தகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

வெள்ளைக்காரன் வரி போட்டதால்தான் விவசாயிகள் நிலத்தை விட்டுக் கூலிகள் ஆனார்கள் என்று அதுவரை பலர் சொல்லி வந்தார்கள். தர்மா பழைய சென்னை மாகாண ஆவணங்களைப் புரட்டினார். 1800 வாக்கிலேயே 100 பேரில் 10 முதல் 15 பேர் நிலமில்லாத கூலிகளாக இருந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டார். அவர்களில் பலர் அடிமை மாதிரி பண்ணையத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதாவது, வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே சாதி அவர்களுக்கு நிலம் இல்லாமல் பண்ணியிருந்தது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுத்து எழுதியவர்களும் உண்டு.

எங்க அம்மாயியிடம், "நம்ம காடு எப்போ கையை விட்டுப் போச்சு?" என்று கேட்டேன். "போறதுக்கு எப்பக் கண்ணு இருந்துச்சு?" என்றார். எனக்கு தர்மா சொன்னது சரி என்றுதான் படுகிறது.

1983ல் வந்த 'கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாறு' இரண்டாம் தொகுதிக்குப் பதிப்பாசிரியரும் இவர்தான். ஆயிரம் பக்கத்துக்கும் மேலே!