மாஸ்டர் மாறிட்டாரா?

கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்த தம்பி ஒருவர், எங்கள் தெரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இங்க சாப்பிட நல்ல கடை எதுங்கண்ணா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டார். ஆட்டோக்காரர் ஒரு மெஸ்ஸைச் சொன்னார். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "அதெல்லாம் போன வருஷத்தோட போச்சு" என்றார் ரிட்டயர்டு வாத்தியார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தி, இரண்டு பேருக்குமே நாக்கு செத்துப்போச்சு என்று தீர்ப்புச் சொன்னார். கால் மணி நேரத்தில் எட்டுக் கடையின் பெயர் வந்தது. எட்டும் பிரமாதம், எட்டும் குப்பை. போனில் குறித்துக்கொண்டே வந்த தம்பி, ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார்.

சத்தம் ஓய்ந்து ஆளுக்கொரு பக்கம் கலைந்தபின் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன். "தம்பி, மூணு பேரும் பொய் சொல்லல. நீங்க பாதிக் கேள்விதான் கேட்டீங்க."

இந்த ஊரில் எந்தக் கடை என்று மட்டும் கேட்டால் வழி கிடைக்காது. என்ன சாப்பிட, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எல்லாமே நன்றாக இருக்கிற கடை என்று ஒன்றை மதுரைக்காரன் நம்பவே மாட்டான். கறி தோசை என்றால் சிம்மக்கல் கோனார் கடை. வெள்ளையப்பம் என்றால் மேலச் சித்திரை வீதி கோபு அய்யங்கார் கடை. நண்டு ஆம்லெட் என்றால் அழகர்கோவில் சாலை அம்மா மெஸ். பண்டத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கடையின் பெயர் வந்துவிடும். ஆட்டோக்காரர் மெஸ் என்றபோது அவர் மனதில் இருந்தது அங்கே கிடைக்கும் அயிரை மீன் குழம்பு மட்டும்தான். வாத்தியாரோ அதே கடையில் போன மாதம் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கடையைப் பற்றித்தான் பேசினார்கள், ஆனால் ஒரே சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

தம்பி கறி தோசையில் நின்றுவிட்டார். தோசைக்குள் கறியை வைத்து மடிப்பார்களா என்று கேட்டார். இல்லை. கல்லில் ஊத்தப்பம் போலக் கனமாக மாவை ஊற்றுவார்கள். அதன் மேல் அடித்த முட்டை. முட்டை உறைவதற்குள், ஏற்கெனவே மசாலாவில் வெந்து கிடக்கும் கொத்துக்கறியை அள்ளிப் பரப்பி, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட வேண்டும். கறி கல்லில் பட்டுச் சுருண்டு மொறுமொறுவென ஆகும், மாவு நடுவில் பஞ்சாகவே இருக்கும். இது வீட்டில் சரியாக வராததற்குக் காரணம் செய்முறை ரகசியம் எதுவும் இல்லை, கல்தான். மணிக்கணக்காகத் தொடர்ந்து சூட்டில் கிடக்கும் கனத்த கல் வேண்டும். அந்தக் கல் சூடு ஆறாமல் இருக்கக் கூட்டம் வேண்டும். ஆகவே காலியாகக் கிடக்கும் கடையில் போய்க் கறி தோசை கேட்காதீர்கள் என்றேன். (மதுரையில் கறி என்றால் ஆட்டுக்கறி. கோழியைக் கோழி என்று தனியாகச் சொல்ல வேண்டும்.)

அயிரை மீனுக்கு வேறு கணக்கு. சுண்டு விரல் நீளம்கூட இராத மீன், சேற்றில் வளர்வது. வயிற்றைக் கீறிக் கழுவ முடியாது. அதனால் உயிரோடு வாங்கி, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு வைப்பார்கள், அது வயிற்று மண்ணைக் கக்கிவிடும். இந்த வேலையில் அவசரப்பட்டால் குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் பல்லில் மண் நறநறக்கும். மீன் கிடைக்காத நாளில் "இன்னைக்கு இல்லண்ணே" என்று கை விரிக்கிற கடையை நம்பலாம். வருஷம் முழுக்கத் தினமும் அயிரை இருக்கிறது என்று சொல்கிற கடையிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

"சரிங்கண்ணா, நேரம்னு சொன்னீங்களே?"

இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் ஆட்டிய மாவு ராத்திரி முழுக்கப் பொங்கி, விடியற்காலையில் பதமாக நிற்கும். துணி விரித்த தட்டில் ஊற்றி ஆவியில் எடுத்து, மேலே தண்ணீர் தெளித்து உரித்தால், கையில் ஒட்டாமல் ஈரமாக வரும். அதே மாவு பதினோரு மணிக்குப் புளித்துக் கிடக்கும். சாம்பாரும் நாலு தடவை கொதித்துக் கெட்டியாகியிருக்கும். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டவரும் பதினொன்றுக்குச் சாப்பிட்டவரும் இதே பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரே கடைக்காகச் சண்டை போடுவார்கள். இரண்டு பேருமே சொன்னது சரி. (தம்பிக்கு சாம்பார் என்றால் அவர் ஊர் அன்னபூர்ணா ஓட்டல் சாம்பார்தான் அளவுகோல். அதை இங்கே தேடினால் வருத்தம்தான் மிஞ்சும். இங்கே சட்னிகள்தான் பேசும்.)

பரோட்டா நேர் எதிர். சீக்கிரம் போகக் கூடாது. ஆறு மணி சால்னா தண்ணீராகத்தான் இருக்கும். எலும்பும் மசாலாவும் கிடந்து கொதித்து, எண்ணெய் பிரிந்து மேலே வர எட்டரை ஆகும். அதுவரைக்கும் கல்லும் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட்பட்டென்று அடிப்பார்களே, அது வாடிக்கையாளரைக் கூப்பிட அல்ல. மடிப்புகள் விரிந்து ஆவி வெளியே போக. அந்தச் சத்தம் கேட்டு ஐந்து நிமிடத்துக்குள் இலைக்கு வந்தால் அது பரோட்டா. அடுக்கி வைத்து அரை மணி கழித்து வருவதற்கு வேறு பெயர் வைக்கலாம். பார்சல் வாங்கிப் போய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு "சுமார்" என்று சொல்பவர்களின் கருத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

நள்ளிரவிலும் இங்கே இட்லி கிடைக்கும் என்றதும் தம்பி சிரித்தார், சினிமாக்காரர்கள் சொன்னது என்று நினைத்திருக்கிறார். தூங்கா நகரம் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. தென்மாவட்ட பஸ்களெல்லாம் ராத்திரி முழுக்க இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. மாட்டுத்தாவணியில் பூ விடிவதற்கு முன்பே வந்து இறங்கும். இரண்டு மணிக்கு மூட்டை தூக்குகிறவருக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். அவருக்காக எரிகிற அடுப்பில்தான் நாமும் போய் நிற்கிறோம். அந்த நேரத்துக் கடைகளுக்குப் பெரும்பாலும் போர்டுகூட இருக்காது. ஒரு ட்யூப் லைட், ஒரு இட்லிக் கொப்பரை, நின்றபடி சாப்பிடும் பத்துப் பேர்.

இனி வாத்தியார் சொன்ன "போன வருஷத்தோட போச்சு". இதுதான் எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது. கடை என்பது போர்டும் முதலாளியும் மட்டுமில்லை, தம்பி. தோசைக் கல்லுக்கு ஒரு மாஸ்டர், பரோட்டாவுக்கு ஒருவர், குழம்புக்கு ஒருவர். அவர்கள் சம்பளத்துக்கும் முன்பணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இடம் மாறுகிறவர்கள். குழம்பு மாஸ்டர் எதிர்க்கடைக்குப் போனால் குழம்பும் கூடவே போய்விடும். பெயரும் பழைய காலண்டரும் கல்லாவும் மட்டும் இங்கே இருக்கும். வெளியூர்க்காரர் போர்டைப் பார்த்துப் போவார். உள்ளூர்க்காரர் சப்ளையரிடம் மெதுவாக, "என்னப்பா, மாஸ்டர் மாறிட்டாரா?" என்று கேட்பார். சப்ளையர் பதில் சொல்லாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் மாறிவிட்டார் என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த ஒரு கடையின் சுக்கா (பெயர் வேண்டாம்) இப்போது மூன்று தெரு தள்ளி, வேறு பெயரில் கிடைக்கிறது. பழைய கடையில் இன்னும் கூட்டம் இருக்கிறது. நான் புதுக் கடைக்குப் போகிறேன், ஆனால் பழைய முதலாளி கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஜிகர்தண்டாவில் மட்டும் நானும் நடுநிலை கிடையாது. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம், இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அடியில் போடுவது கடல்பாசியா பாதாம் பிசினா என்பதில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. நான் கடல்பாசிக் கட்சி. விளக்குத்தூண் பக்கம் குடித்துப் பழகிய நாக்கு. அந்த விளக்குத்தூண், மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்தது. இப்போது அவரைத் தேடி அங்கே யாரும் போவதில்லை.

தம்பி போனை எடுத்து, அழித்த பெயர்களை மறுபடி எழுதினார். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பண்டம், ஒரு மணி. ஏழாவதில் நிறுத்தி, "இந்தக் கடைல நீங்க என்ன சாப்பிடுவீங்கண்ணா?" என்றார்.

"அங்க நான் போகமாட்டேன்" என்றேன்.

டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய மைத்துனர் கடை. மறுபடி ஆரம்பமானது.