ஒரு தடியில் வந்த வேலி, ஒரு விதையில் வந்த மரம்

தை பிறந்து பனி இறங்கி, பகலில் வெயிலும் ஏறத் தொடங்கிவிட்டால், மாடு வைத்திருக்கிற வீட்டில் புல்லுக் கவலையும் தொடங்கிவிடும். கான் ஓரத்துப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் மறுபடியும் அருவாளைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல், இரண்டு மைல் நடக்க வேண்டும். கிடைப்பதும் முற்றிப்போன மானாப்புல்தான். மாட்டின் வயிறு நிறையும், பால் வற்றும். பால் காசை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்குகிற குடும்பங்களுக்கு அது என்ன நட்டம் என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் கைகொடுப்பவை இலை மரங்கள். வேலியில் நிற்கிற கிளிரிசீடியா (சீமைக்கிளுவை என்றும் சொல்வார்கள்), இப்பில் இப்பில், கலியாண்ட்ரா ஆகிய மூன்றும் அவரைக் குடும்பத்து மரங்கள். வேர் முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர்களின் உதவியால் காற்றில் உள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இலையில் அவ்வளவு சத்து. முற்றிய புல்லைக் காயவைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரைதான் புரதம் இருக்கும். இந்த மரங்களின் இலையில் 20 பங்குக்கு மேலேயே இருக்கும். ஒரு தடவை நட்டால் போதும், வருடக்கணக்காக வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

இதெல்லாம் மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வேலியில் நூறு மரம் நிற்கலாம். அது உண்மையிலேயே நூறு மரமா, இல்லை ஒரே மரத்தின் நூறு துண்டா?

விதைத் தேயிலை மலையையும் வி.பி. தேயிலை மலையையும் நினைத்துப் பாருங்கள். விதைத் தேயிலையில் பக்கத்துப் பக்கத்துச் செடிகூட ஒன்றுபோல இருக்காது. ஒன்று இலை பெரிசு, ஒன்று சிறுசு. ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், இன்னொன்று சோம்பேறி. ஒவ்வொன்றும் தனித்தனி விதையில் வந்தது, தாய் வேறு, தகப்பன் வேறு. வி.பி. மலை அப்படியில்லை. 2025 என்றால் மலை முழுக்க 2025தான். ஒரு தாய்ச்செடியின் துண்டுகள் அத்தனையும். கொழுந்து ஒரே சீராக வரும், எடுக்கிறவர்களுக்கும் சுகம். ஆனால் அந்த ஒரு செடிக்கு ஆகாத நோயோ வறட்சியோ வந்தால், மலை முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஆகாமல் போகும்.

தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற குணங்களைச் சுமப்பது மரபணு. ஒரு கூட்டத்தில் எத்தனை விதமான மரபணுக்கள் கலந்து கிடக்கின்றனவோ, அதைத்தான் மரபணுப் பல்வகைமை என்கிறார்கள். பேர்தான் பெரிசு. 'கூட்டத்தில் எத்தனை வித ஆட்கள் இருக்கிறார்கள்' என்பதுதான் விசயம்.

இப்பில் இப்பிலின் கதையைக் கேட்டால் இது நன்றாக விளங்கும். அதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். ஸ்பானியக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே ஓடின. அந்தக் காலத்தில்தான் இந்த மரம் ஆசியாவுக்கு வந்தது, கால்நடைத் தீனியாகக் கப்பலில் ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். அங்கிருந்து தீவுக்குத் தீவு, நாட்டுக்கு நாடு பரவியது. ஆனால் பரவியது கொஞ்ச விதைதான். அதோடு இந்த மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் பூவின் மகரந்தத்தாலேயே தான் காய்க்கும். வேறு மரத்தின் கலப்பு மிகக் குறைவு. ஆகவே பிள்ளை அச்சாகத் தாயைப் போலவே இருக்கும், பேரப்பிள்ளையும் அப்படியே. உலகின் வெப்ப நாடுகளில் நின்ற கோடிக்கணக்கான மரங்கள், விதையிலிருந்து முளைத்திருந்தாலும், ஏறக்குறைய ஒரே மரமாகத்தான் இருந்தன. பிறகு 1960களிலும் 70களிலும் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பிரூபேக்கர் போன்றவர்கள் உயரமாக வளரும் இராட்சத வகைகளைப் பரப்பினார்கள். 'அதிசய மரம்' என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவையும் ஒரு சில வகைகள்தான்.

1980களில் வந்தது வினை. சைலிட் என்று ஒரு பூச்சி, இரண்டு மில்லிமீற்றர்கூட இருக்காது. பேன் மாதிரி இளங்குருத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், தொட்டால் துள்ளும். அமெரிக்கக் கண்டத்தில் இயற்கையான எதிரிகளுக்கு நடுவில் அடங்கிக் கிடந்த பூச்சி, 1984இல் ஹவாய்த் தீவுகளுக்குத் தாவியது. 1986இல் இந்தோனேசியா. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கா. போன இடத்திலெல்லாம் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி ருசி. குருத்துக் கருகி, இலை உதிர்ந்து, மொட்டை மரங்களாக நின்றன. இந்தோனேசியாவில் மாட்டுக்கு அதையே நம்பியிருந்த சிறு விவசாயிகள் தீனிக்குத் தவித்துப் போனார்கள்.

இந்த மாதிரிக் கதை நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பூட்டன் இந்த மலைகளுக்கு வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. அரபிக்காக் கோப்பியும் இப்பில் இப்பிலைப் போலத் தானே தன்னைக் கருக்கட்டிக்கொள்ளும் பயிர். இங்கே வந்ததும் குறுகிய வம்சம்தான். 1869இல் மடூல்சீமைப் பக்கத்தில் இலையில் செம்மஞ்சள் தூள் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, அந்த மண்ணில் தேயிலை ஏறியது. அழிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், நோயை எதிர்த்து நிற்க வேறு வம்சம் அந்தக் கோப்பியில் இல்லை என்பது முக்கியமான காரணம்.

இப்பில் இப்பிலுக்கு என்ன செய்தார்கள்? தாயகத்துக்கே திரும்பிப் போனார்கள். அங்கே இதன் சொந்தக்காரர்கள் நிறைய, இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். ஒவ்வொரு மலையிலும் பள்ளத்திலும் விதை சேகரித்து, வரிசையாக நட்டு, பூச்சியை விட்டுப் பார்த்தார்கள். மெக்சிக்கோவின் உயர்ந்த மலைகளில் வளரும் 'பல்லிடா' என்ற இனத்தைப் பூச்சி அதிகம் தொடவில்லை. அது குளிரையும் ஓரளவு தாங்கும். சரி, அதையே நட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். பல்லிடாவின் இலை துவர்ப்பு, மாட்டுக்கு அவ்வளவாகச் செரிக்காது. பூச்சிக்குப் பிடிக்காதது மாட்டுக்கும் பிடிக்கவில்லை!

அதனால் இரண்டையும் கலந்தார்கள். முதல் கலப்பில் மரம் வேகமாக வளர்ந்தது, பூச்சியையும் தாங்கியது, இலை மட்டும் சுமார். அந்தப் பிள்ளையை மறுபடியும் இப்பில் இப்பிலோடு கலந்து, பூச்சி தொடாததையும் மாடு தின்பதையும் மட்டும் பொறுக்கி, மறுபடியும் கலந்து, மறுபடியும் பொறுக்கி... ஒரு தலைமுறை வளர்ந்து காய்க்கவே காலம் ஆகும் மரத்தில் இது எத்தனை வருட வேலை என்று எண்ணிப் பாருங்கள். இப்படி வந்ததுதான் அவுஸ்திரேலியாவில் 2019இல் வெளியிடப்பட்ட 'ரெட்லண்ட்ஸ்' என்ற வகை. காட்டில் பல்லிடா இல்லாமல் போயிருந்தால் இந்த வேலைக்கு ஆரம்பமே இருந்திருக்காது.

இன்னொரு விசயம், இப்பில் இப்பில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது. அதன் இலையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. அளவுக்கு மீறினால் மயிர் கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஆனால் ஹவாயில் ஆடுகள் தாராளமாகத் தின்று நலமாக இருந்தன. அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் இதைக் கவனித்து, அந்த ஆடுகளின் வயிற்றில் நச்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் கண்டார். 1983இல் அது அவுஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. நம்மைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பான வழி, மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாமல் இருப்பதுதான். குதிரை, பன்றி, முயலுக்கு வேண்டாம்.

இப்பில் இப்பிலுக்குப் பழக்கப்படாத மண் நம்முடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், இதற்கு ஆகாது. தேயிலை மண்ணில் நட்டு, 'வளரவே மாட்டேங்குது' என்று அலுத்துக்கொள்பவர்கள் மரத்தையும் தங்களையும் திட்ட வேண்டியதில்லை.

கிளிரிசீடியா அந்த அளவுக்கு மண்ணைக் குறை சொல்லாது. சைலிட் பூச்சிக்குப் பிறகு பல நாடுகளில் இப்பில் இப்பிலின் இடத்தை இதுதான் பிடித்தது. 2005இல் இலங்கை அரசாங்கம் இதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தது. இதன் குணம் இப்பில் இப்பிலுக்கு நேர் எதிர். தன் மகரந்தம் தனக்கு ஆகாது. வண்டு வேறு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் நன்றாகக் காய்க்கும். ஆகவே தாயகக் காட்டில் மரத்துக்கு மரம் வித்தியாசம். 1980களில் ஒக்ஸ்பேர்ட் வனவியல் நிலையத்தார் மெக்சிக்கோவிலிருந்து தெற்கே பல இடங்களில் விதை சேர்த்து, பல நாடுகளில் நட்டுப் பார்த்தார்கள். குவாத்தமாலா நாட்டில் ரெட்டல்ஹூலியூ என்ற ஊர்ப்பக்கத்து விதைதான் அநேக இடங்களில் முன்னுக்கு நின்றது. ஒரே மரம்தான், ஊர் மாறினால் விளைச்சல் மாறுகிறது.

ஆனால் நாம் அதை எப்படி நடுகிறோம்? அண்ணன் வேலியில் நாலு தடி வெட்டி, தம்பி வேலியில் ஊன்றி, தம்பியிடம் மாமா வாங்கி... தடியில் வருவதற்குத் தகப்பன் கிடையாது. லயத்துக்கு லயம் ஒரே மரத்தின் துண்டுகளே நடந்துகொண்டிருக்கலாம். இன்றைக்குக் கிளிரிசீடியாவைத் துடைத்துவிடும் பூச்சி எதுவும் இங்கே வரவில்லை. 1983 வரை ஹவாய்க்காரர்களும் இப்பில் இப்பிலைப் பற்றி அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கலியாண்ட்ராவும் விதிவிலக்கல்ல. 1936இல் குவாத்தமாலாவிலிருந்து ஜாவாவுக்குக் கொஞ்சம் விதை போனது, உலகில் பல இடங்களில் நிற்பவை அதன் வம்சம்தான். ஆனாலும் 4000 அடிக்கு மேலே இருப்பவர்களுக்கு அதுதான் உகந்தது. அந்த உயரத்தில் கிளிரிசீடியா குளிரில் குறண்டிப்போகும். புளிப்பு மண்ணும் கலியாண்ட்ராவுக்குப் பிரச்சினையில்லை.

ஆகவே வேலி போடுகிறபோது தடிகளை ஒரே மரத்தில் வெட்டாதீர்கள். நாலைந்து இடத்தில், தூரத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர்களிடமும் கேட்டு வாங்குங்கள். மாசி, பங்குனி வறட்சியில் எந்த மரம் இலையைக் கொட்டாமல் நிற்கிறது, எதை மாடு முதலில் தேடித் தின்கிறது என்று பார்த்து வையுங்கள். அதற்குச் சாயமோ துணித்துண்டோ கட்டி அடையாளம் போட்டால், மழைக்குத் தடி வெட்டும்போது மறக்காது. எங்காவது கிளிரிசீடியா காய்த்திருந்தால் காய் வெடிக்கும் முன் பறித்து விதை போடுங்கள். விதையில் வந்த மரத்துக்கு ஆணிவேர் உண்டு, சரிவில் மண்ணையும் வறட்சியையும் தடி மரத்தைவிட நன்றாகத் தாங்கும். கிளிரிசீடியா விதையை அப்படியே போடலாம். இப்பில் இப்பில் விதைக்குத் தோல் கெட்டி. சுடுநீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

கிளிரிசீடியாவை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். வாசம்தான் காரணம். அந்தி நேரம் வெட்டி, வாட விட்டு, மறுநாள் காலையில் புல்லோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் ஒரு வாரத்தில் தேடித் தின்னும். கலியாண்ட்ராவை அப்படிச் செய்யக் கூடாது. வாடினால் அதன் துவர்ப்பு இன்னும் செரிமானத்தைக் கெடுக்கும், வெட்டிய கையோடு பச்சையாகப் போட வேண்டும்.