கண்ணீருக்கும் பாலுக்கும் உறவு

சித்தூரும் திருப்பதியும் கறவைக்குப் பேர்போன சீமை. நம் காப்பியில் கலக்கும் அந்தப் பாலுக்குக் கண்ணீரோடு உறவுண்டு என்றால் நண்பர்கள் என்னை நகைப்பர்!

கண்ணீரிலுள்ள லைசோசைம் என்னும் புரதத்தை 1922-இல் ஃபிளெமிங் அறிவித்தார். பாக்டீரியாவின் சுவரை அறுப்பதே அதன் தொழில். பாலூட்டிகள் தோன்றுமுன்பே அதன் ஜீன் இரட்டித்துவிட்டது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றது மாறத் தடையில்லை. அப்படி மாறி வந்ததே பாலிலுள்ள ஆல்ஃபா-லாக்டால்புமின். இது எதையும் அறுப்பதில்லை. மடியில் வேறொரு நொதிக்குத் துணைநின்று பால்சர்க்கரையை ஆக்குகிறது. அச்சர்க்கரையே பாலுக்குள் நீரை இழுக்கிறது. 1994-இல் வெளியான ஆய்வில், இந்த ஜீனை இழந்த சுண்டெலிகளின் பால் கெட்டிப்பட்டுப் போயிற்று. குட்டிகளால் உறிஞ்ச இயலவில்லை.

பசுவோ லைசோசைம் ஜீன்களைப் பத்தளவுக்குப் பெருக்கி, சிலவற்றை வயிற்றிலும் வேலைக்கு வைத்திருக்கிறது. புல்லைப் புளிக்கவைத்த பாக்டீரியாவே அங்கே அதற்கு இரை!