உப்பைக் குறைத்தால் ஊறுகாய் தாங்குமா?

அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் ஒரு காலத்தில் உப்பளங்கள்தான் அடையாளம். இன்று அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கும்மிடிப்பூண்டி ரயிலில் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் இப்போது தயிர்சாதமும் மாவடுவும் திரும்ப வந்திருக்கின்றன. நார்த்தங்காய், ஆவக்காய் என்று செல்போனிலேயே தேடி வாங்குகிறார்கள். கூடவே ஒரு நிபந்தனை: "உப்பு கம்மியா இருக்கணும்."

வாங்குகிறவர் கேட்கிறாரே என்று கையைக் குறைத்துவிடாதீர்கள். ஊறுகாயைக் காப்பதே உப்புதான். உப்புநீரில் ஊறும் ஊறுகாய்க்கு உப்பையே நம்பினால், அது குறைந்தது 12 சதவிகிதம் இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி.

மாவடுவுக்கு, மார்ச் மாதக் காற்றில் அடிபட்டு உதிர்ந்த பிஞ்சு வேண்டாம்; சீக்கிரம் அழுகும். காம்போடு கையால் பறியுங்கள். கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கிலோவுக்கு 200 கிராம் கல் உப்பு போட்டு ஜாடியில் வையுங்கள். தினமும் ஒருமுறை குலுக்கிவிட்டால், நாலைந்து நாளில் வடு தண்ணீர்விட்டுச் சுருங்கும். பிறகுதான் கடுகும் மிளகாயும்.

உப்பு குறைவாகவே வேண்டும் என்பவருக்குத் தனியாகக் கொஞ்சமாகப் போடுங்கள். செய்த தேதியை எழுதி, 'பிரிட்ஜில் வைக்கவும்' என்றும் ஒட்டிக் கொடுங்கள். அதையும் ஆறு மாதம் வைத்துத் தின்பேன் என்றால் நாம் என்ன செய்ய முடியும்!

விற்பதாக இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்வதற்கும் இதில் விலக்கு கிடையாது.