துன்புறுத்தும் பெற்றோர்க்குத் திறன்பயிற்சி: கண்டறிதலும் பயன்பாடும்

முன்னுரை

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி குழந்தை வளர்ப்பிற்கும் பொருத்திக் கூறப்பெறுகிறது. அடித்தல் கண்டிப்பாகக் கருதப்படும் சூழலில், அது துன்புறுத்தலாக மாறும் எல்லை மறைந்துவிடுகிறது. இந்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றில் இரு குழந்தைகள் உடல்சார் துன்புறுத்தலுக்கு உள்ளாவதைக் காட்டியது. துன்புறுத்தலைக் கண்டறியும் முறையையும் பெற்றோர்க்கான பயிற்சியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கண்டறிதல்

காலை ஊன்ற மறுக்கும் குழந்தைக்கு மூட்டில் கிருமித்தொற்று இருக்கலாம். அடியினால் எலும்பு முறிந்தும் இருக்கலாம். வீக்கமும் வலியும் இரண்டிற்கும் பொது. தொற்றைக் காய்ச்சலும் குருதி, மூட்டுநீர்ப் பரிசோதனைகளும் காட்டும். சிகிச்சை சில நாள் தாழ்ப்பினும் குருத்தெலும்பு சிதையக்கூடும். ஊடுகதிர்ப் படத்தில் வெவ்வேறு காலத்து முறிவுகள் தெரியுமாயின், பெற்றோர் கூறும் காரணம் காயத்தோடு பொருந்துகிறதா என ஆராய்தல் வேண்டும். இதனை 1962இல் ஹென்றி கெம்ப் குழுவினர் மருத்துவ உலகிற்கு வலியுறுத்தினர்.

பயிற்சியும் சான்றும்

ஷீலா ஐபெர்க் உருவாக்கிய ‘பெற்றோர்-குழந்தை இடைவினைச் சிகிச்சை’ இரு கட்டங்களை உடையது. முதற்கட்டத்தில், பெற்றோர் குழந்தையின் விளையாட்டைப் பின்தொடர்ந்து நற்செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டப் பழகுவர். அடுத்து, தெளிவாகக் கட்டளையிடவும், கீழ்ப்படியாதபோது அடிக்காமல் சீரான விளைவைத் தரவும் பழகுவர். பயிற்றுநர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னிருந்து காதொலிக் கருவிவழி உடனுக்குடன் திருத்துவார்.

மார்க் சாஃபின் குழுவினரின் 2004ஆம் ஆண்டு ஆய்வில், குழந்தையைத் துன்புறுத்திய 110 பெற்றோர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஏறத்தாழ 850 நாள்களில் மீண்டும் புகாருக்கு உள்ளானோர், இச்சிகிச்சை பெற்ற குழுவில் 19%. வழக்கமான வகுப்புக்குச் சென்ற குழுவில் 49%. சிகிச்சையோடு கூடுதல் சேவைகளும் பெற்ற மூன்றாம் குழு மேலதிகப் பயன் எய்தவில்லை. எனவே, அறிவுரையின் அளவைவிடச் செய்து பழகும் முறையே இன்றியமையாதது எனலாம்.

விழுப்புரம், திண்டிவனம்: பயன்பாட்டுச் சூழல்

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 75, குழந்தையைக் கொடுமைப்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது. தண்டனை நிகழ்ந்ததற்கு விடையாகுமேயன்றி, பெற்றோர்க்கு மாற்றுவழி கற்பிக்காது. குழந்தையோ பெரும்பாலும் அதே வீட்டில்தான் வளர வேண்டியுள்ளது.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை ஆகியவற்றின் குழந்தைகள், எலும்புமுறிவுப் பிரிவுகள் கண்டறிதலின் முதல் வாயில்களாக அமையலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் 1098 உதவி எண்ணும் அடுத்த படிகள். கண்ணாடி அறை இல்லாவிடினும், பயிற்றுநர் அதே அறையில் அமர்ந்து வழிநடத்தலாம்.

மொழிசார் தடை ஒன்றும் உண்டு. கண்ணேறு அஞ்சிக் குழந்தையை முகத்திற்கு நேரே புகழத் தயங்குவது நம் வழக்கம். ஆகவே ‘அழகு’, ‘கெட்டிக்காரன்’ எனக் குழந்தையைப் புகழாமல், ‘தட்டை எடுத்து வைத்தாய், நன்று’ எனச் செயலைப் பாராட்டும் தொடர்களை வட்டார வழக்கில் வகுத்தல் தேவை.

முடிவுரை

குழந்தையின் பாதுகாப்பை உறுதிசெய்த பின்னரே பயிற்சி தொடங்குதல் வேண்டும். மருத்துவரின் ஐயம், சட்டத்தின் காப்பு, பெற்றோரின் பழகல் ஆகிய மூன்றும் இணையும்போதே மீண்டும் அடிபடுதல் குறையும். அவ்விணைப்பிற்கேற்ற தமிழ்ப் பயிற்சிப் பனுவல்களை உருவாக்குதல் தமிழாய்வாளர் ஏற்கத்தக்க பணியாகும்.