பழைய வள்ளத்தின் எக்கோ சவுண்டர்

திருவனந்தபுரத்துத் தம்பானூர் ரயில் நிலையத்து வாசலில் நிற்பவருக்குப் பக்கத்தில் கடல் இருப்பதே தெரியாது. மேற்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் வலியதுறை, அதற்குத் தெற்கே பூந்துறை, இன்னும் கீழே விழிஞ்ஞம். எதிரே உள்ள பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டி ஏறினால் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் போய்விடலாம். மாநிலம் இரண்டானாலும் கரை ஒன்றுதான். பிளைவுட் வள்ளமும் ஃபைபர் வள்ளமும் இந்தக் கரையில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

வள்ளம் வாங்க வருபவர் என்ஜினைப் பார்ப்பார், அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பார், வலையை எண்ணுவார். மீன் காட்டும் எக்கோ சவுண்டரின் முறை கடைசியில்தான் வரும். பொத்தானை அமுக்குவார், திரை எரிந்தால் திருப்தி. எரியாவிட்டால் விலையில் கொஞ்சம் குறைப்பார். திரை எரிவதை வைத்து அந்தக் கருவியின் நிலையைச் சொல்ல முடியாது. பார்க்கவேண்டிய இரண்டும் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, படகின் அடியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் டிரான்ஸ்டியூசர். மற்றது, கருவியின் நினைவகம்.

டிரான்ஸ்டியூசருக்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. மின்துடிப்பு கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும். திரும்பி வரும் எதிரொலி அதை அமுக்கும்போது மறுபடி மின்சாரம் தரும். பேசுவதும் கேட்பதும் அதே வில்லைதான். நம் பக்கத்து வெதுவெதுப்பான கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், போய்வந்த தூரம் 154 மீட்டர். அதில் பாதி, 77 மீட்டர், ஆழம். நாற்பத்திரண்டு பாகம் என்று மீனவர் சொல்வார்.

மீனும் எதிரொலி தரும். பெரும்பாலும் அது சதையிலிருந்து வருவதில்லை, உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி பலமாகத் திரும்பும். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால்தான் சின்ன மீன் கூட்டம் ஒன்று திரையில் அடர்ந்த சிவப்பாகத் தெரிய, அதன் கீழே போகும் சுறா மங்கலாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். ஊசிக்கணவாயும் அப்படித்தான். சுறா வேட்டைக்குப் பேர்போன தூத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கருவியின் எல்லை இதுதான்: சுறாவை நேராகக் காட்டுவதைவிட, அது இரை தேடி வரும் தரையையும் கூட்டத்தையும்தான் நன்றாகக் காட்டும்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் மீன்காட்டிக் கருவியே பழைய சாமானில் பிறந்ததுதான். ஜப்பானின் நாகசாகியில் படகுகளுக்கு மின்வேலை பார்த்துவந்த ஃபுருனோ சகோதரர்கள், போரில் மிஞ்சிய ஆழமானியை மீன் தேடுவதற்கு ஏற்றபடி மாற்றி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே புதுத் திரை வாங்கிவிட்டுப் பழைய டிரான்ஸ்டியூசரையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர் கூச்சப்பட வேண்டியதில்லை.

வைத்துக்கொள்ளலாம், பொருந்தினால். புதுத் திரையும் பழைய டிரான்ஸ்டியூசரும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். மீன்பிடிக் கருவிகளில் அதிகம் புழங்குவது 50, 200 கிலோஹெர்ட்ஸ். பழையது 50/200 வகையாக இருந்து, புதுத் திரை வேறு அலைவரிசையை எதிர்பார்த்தால், செருகி பொருந்தினாலும் படம் வராது. வந்தாலும் நம்ப முடியாது. திரை அனுப்பும் வாட் அளவை வில்லை தாங்க வேண்டும் என்பதும் முக்கியம். 300 வாட் தாங்கும் வில்லைக்கு 1000 வாட் கொடுத்தால் அதன் ஆயுள் முடிந்தது. செருகியின் ஊசி எண்ணிக்கை மட்டும் வேறானால் பயமில்லை, இணைப்புக் கம்பி கிடைக்கும். கேபிளை நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம். உப்புக்காற்று அந்த முடிச்சில்தான் முதலில் வேலையைக் காட்டும்.

எந்த அலைவரிசை என்பது தொழிலைப் பொறுத்தது. 200இல் ஒலிக்கூம்பு ஒடுக்கம். வழக்கமான ஒரு வில்லையில் பன்னிரண்டு பாகை என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும். ஆனால் கூர்மையாகப் பார்க்கும். 50இல் கூம்பு அகலம், நாற்பத்தைந்து பாகை வரை போகும். அதே ஆழத்தில் நாற்பது மீட்டர் வட்டம். ஆழமாகப் போகும், ஆனால் பாறையும் மீனும் ஒன்றாகக் கலங்கித் தெரியும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் வரை போய்த் தூண்டில் போடுபவருக்கும், கரையோரத்தில் கடலடிப் பாறைத் திட்டான பாரின் விளிம்பைத் தேடுபவருக்கும் ஒரே அமைப்பு சரிவராது.

பழைய டிரான்ஸ்டியூசருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. கருவியை ஓடவிட்டு வில்லைக்கு அருகே காதை வைத்தால் மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்கவேண்டும். வெப்பமும் அளக்கும் வகையாக இருந்தால், பல தயாரிப்புகளில் அந்த உணரியின் மின்தடை 25 டிகிரியில் பத்தாயிரம் ஓம்ஸ் அளவில் இருக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் பார்த்துச் சொல்வார். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை பழையதுதான். துறைமுகத்துக்குள் நாலு இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, திரை சொல்லும் ஆழத்தோடு ஒப்பிட வேண்டும்.

இனி படகின் உடம்பு. ஒற்றை அடுக்கு ஃபைபர் ஓட்டின் வழியாக ஒலி ஓரளவு போகும். டிரான்ஸ்டியூசரை உள்ளேயே ஒட்டிவிடலாம், ஓட்டை தேவையில்லை. பிளைவுட்டிலோ, நடுவில் நுரை வைத்த ஃபைபரிலோ அது நடக்காது. மரமும் நுரையும் ஒலியைத் தின்றுவிடும். பழைய ஃபைபர் வள்ளத்தில் நன்றாக வேலை செய்த ஒட்டு டிரான்ஸ்டியூசரைக் கழற்றிப் பிளைவுட் வள்ளத்துக்குள் ஒட்டினால் வெற்றுத்திரைதான் கிடைக்கும். மர ஓட்டில் துளைத்துப் பொருத்துவதானால் வெண்கல உறை வேண்டும். மரம் ஊறிப் பெருகும்போது பிளாஸ்டிக் உறை வெடிக்கலாம். திருகு போன ஒவ்வொரு துளையையும் அடைக்காவிட்டால் பிளைவுட் உள்ளேயிருந்து அழுகும். பழைய டிரான்ஸ்டியூசர் இறுகிப்போய், துளையில் கசிவும் இல்லையென்றால், செத்ததாகவே இருந்தாலும் அடுத்த முறை வள்ளத்தைக் கரையேற்றும்வரை அங்கேயே விட்டுவிடுவது என் கட்சி.

விழிஞ்ஞத்துக்கும் வலியதுறைக்கும் வேறுபாடு வருவது டிரான்ஸ்டியூசரைப் பொருத்தும் முறையில்தான். விழிஞ்ஞத்தில் துறைமுகம் இருக்கிறது. வள்ளம் மிதந்தபடியே நிற்கும். வலியதுறை, பூந்துறைக் கரைகளில் அலையை வெட்டிக்கொண்டு மணலில் ஏற வேண்டும். பின்பலகையின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்டியூசர் மணலில் எத்தனை நாள் தாங்கும்? அலை கடந்தபின் இறக்கி, திரும்பும்போது தூக்கிக்கொள்ளும்படி ஒரு குழாயில் பொருத்துவதே அங்கே புத்திசாலித்தனம். என்ஜின் காற்றாடி கிளப்பும் குமிழிகள் வில்லையை மூடக்கூடாது. காற்றாடியின் இறக்கை கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில், அதிலிருந்து விலகி வைக்க வேண்டும். குமிழியும் காற்றுதான், மீனுக்கு முன்னால் அதுவே திரையை நிரப்பிவிடும்.

நினைவகத்துக்கு வருகிறேன். ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்த கருவியாக இருந்தால், முந்தைய உரிமையாளர் பல ஆண்டு குறித்துவைத்த புள்ளிகள் அதில் இருக்கும். இந்தக் கரையில் அது சாதாரண விஷயமல்ல. பார்களைக் கண்டுபிடிக்க, திருவனந்தபுரம் மீனவர்கள் கரையிலுள்ள கோயில், தேவாலயம், மலை முகடு ஆகியவற்றில் இரண்டிரண்டை ஒரே கோட்டில் சேர்த்துப் பார்த்து இடம் குறிப்பார்கள். கணிச்சம் என்பது அதன் பெயர். அப்படி இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் பார். மனப்பாடமாகவே கைமாறிவந்த இந்த அறிவை, மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ராபர்ட் பனிப்பிள்ளை போன்றவர்கள் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். வந்தபின் கணிச்சம் எண்களாகி, ஒரு சின்னச் சில்லுக்குள் போய்விட்டது. பழைய கருவியின் உள்பேட்டரி செத்தாலோ, புதுக்கருவி வாங்கிய உற்சாகத்தில் பழையதை எடைக்குப் போட்டாலோ அந்தச் சில்லோடு அதுவும் போகும்.

ஆகவே பழைய கருவியைக் கழற்றுமுன் புள்ளிகளை நினைவட்டையில் நகலெடுக்க வேண்டும். வசதி இல்லையென்றால் நோட்டில் எழுதவேண்டும். எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் 20.50 என்று இருப்பது இருபதரைக் கலை (நிமிடம்). அதை 20 கலை 50 விகலை (நொடி) என்று புதுக்கருவியில் இட்டால் புள்ளி அறுநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அந்தத் தூரத்தில் பாரும் இருக்காது, மீனும் இருக்காது. வலை கிழிக்கும் வேறு பாறை இருக்கலாம். மிகப் பழைய கருவிகளில் புவி அளவை முறையும் வேறாக அமைக்கப்பட்டிருக்கலாம். அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் மாற்றினால், நூறு மீட்டருக்கு மேல் பிசகலாம். புதுக்கருவியைப் பொருத்தியபின், தெரிந்த ஒரு பாருக்குப் போய் இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு எக்கோவும் ஒரே அலைவரிசையில் ஓடினால் திரையில் கோடுகோடாக இரைச்சல் விழும். அந்த நேரத்தில் பழையதில் ஜி.பி.எஸ். பக்கம் மட்டும் போதும்.

புள்ளிகள் வள்ளத்தோடு சேர்ந்து விற்பனைக்கு உண்டா என்பதை விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். கொடுக்க மனமில்லாதவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தருவார். அதில் தப்பும் இல்லை. கொடுக்கச் சம்மதிப்பவரிடம், எந்தப் புள்ளியில் எந்தக் காலத்தில் எந்த மீன் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அது எந்தக் கருவியிலும் பதிவாகியிருக்காது.