தாராக் குரலும் அயல்வீட்டு றேடியோவும்

இடம்பெயர்ந்து இருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாம். சிற்றலையில் முள்ளை நகர்த்தும்போது, தாரா கத்துவதுபோல ஒரு குரல் இடையிடையே வரும். பெட்டி பழுதென்று எண்ணித் திருத்தக் கொடுத்துவிடாதீர்கள்.

அது 'ஒற்றைப் பக்கப்பட்டை' முறையில் பேசும் அமெச்சூர் வானொலிக்காரரின் அல்லது கப்பலின் குரல். சாதாரண ஒலிபரப்பில் மின்வலுவின் பெரும்பங்கு, பேச்சைச் சுமக்கும் காவி அலைக்கே போய்விடும். இவர்கள் காவியை நீக்கிவிட்டு, குறைந்த வலுவில் வெகுதூரம் பேசுகிறார்கள். 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையிலிருந்து அமெச்சூர் வானொலி வழியாகவும் செய்திகள் வந்தன. ஆனால் காவி இல்லாவிட்டால் சாதாரண பெட்டி பேச்சைப் பிரித்தெடுக்காது.

'எஸ்.எஸ்.பி.' என்று எழுதிய மலிவுப் பெட்டியை வாங்குமுன் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். 1 கிலோஹேட்ஸ் படியாக மட்டும் நகர்ந்தால் குரல் தெளியாது. நுண்ணிதாகத் திருப்பும் குமிழ் வேண்டும்.

வாங்க வசதியில்லையா? முள் நகரும் பழைய பெட்டிகள் இரண்டை அருகருகே வையுங்கள். ஒன்றில் 7060 கிலோஹேட்ஸில் அக்குரல் கேட்டால், மற்றதை ஒலி குறைத்து 6605 இற்கு அண்மையில் மெல்ல மெல்ல நகர்த்துங்கள். இத்தகைய பெட்டிகள் பலவற்றினுள், முள் காட்டுவதிலும் 455 கிலோஹேட்ஸ் கூடிய சிற்றலை ஒன்று பிறக்கிறது. அது காணாமற்போன காவியின் இடத்தில் வந்து நிற்கும். தாராக் குரல் மனிதக் குரலாகும்.

தனியே ஒரு பெட்டிக்கு இயலாதது, அயல்வீட்டுப் பெட்டி பக்கத்தில் வந்ததும் இயலுகிறது. புதிய காணியில் குடியேறும் நமக்கும் இது பொருந்தும் அல்லவா?